ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, பென் டிரைவ்: எது எப்படிச் சாகும் என்று பார்த்து வாங்குங்கள்

முதலில் ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டில் எது எதற்குள் கிடக்கிறது என்று எழுதுங்கள். மகளின் கலியாண வீடியோ எங்கே, அப்பாவின் காணி உறுதியை ஸ்கான் பண்ணியது எங்கே, சின்னவனின் படங்கள் போனில் மட்டும்தானா, பழைய லப்டொப்பிலா, அலுமாரிக்குள் கிடக்கும் டிவிடியிலா. இதை எழுதாமல் கடைக்குப் போய் “நல்ல டிஸ்க் ஒண்டு தாங்கோ” என்று கேட்டால் கடைக்காரர் தன்னிடம் இருப்பதைத் தருவார், நீங்களும் வாங்கிவந்து எல்லாவற்றையும் மறுபடி ஒரே இடத்தில் கொட்டிவைப்பீர்கள்.

நான் திருகோணமலை டவுனில் கொம்பியூட்டர் திருத்துகிறவன். எங்கள் ஊர் மூன்று பக்கமும் கடல். உப்புக்காற்று, மார்கழி மழையின் ஈரம், நினைத்த நேரத்தில் போய்வரும் கரண்ட், இந்த மூன்றும் சேர்ந்து என்ன செய்யும் என்று தினமும் மேசையில் பார்க்கிறேன். எது வேகம், எது மலிவு என்று ஒப்பிடும் அட்டவணைகள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றும் எப்படிப் பழுதாகும், பழுதானால் உள்ளே இருப்பது திரும்பக் கிடைக்குமா என்று ஒப்பிடுவதுதான் இங்கே உங்களுக்கு உதவும். அப்படியே சொல்கிறேன்.

இந்தச் சாமான்களைப் பாடப்புத்தகத்தில் துணை நினைவகம் என்று படித்திருப்பீர்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். கடிதம் டைப் பண்ணிக்கொண்டு இருக்கும்போது கரண்ட் போனது, சேவ் பண்ணாத பந்திகள் போய்விட்டன, சேவ் பண்ணிய பந்திகள் இருந்தன. போனது ரம் என்ற முதன்மை நினைவகத்தில் இருந்தது, அதற்கு ஓடிக்கொண்டே இருக்க மின்சாரம் வேண்டும். மிஞ்சியது துணை நினைவகத்தில் இருந்தது. மின்சாரம் இல்லாமலும் வைத்திருப்பதுதான் அதன் வேலை. காந்தமாக வைத்திருந்தால் ஹார்ட் டிஸ்க், சிப்புக்குள் மின்னூட்டமாக அடைத்து வைத்திருந்தால் எஸ்எஸ்டி, பென் டிரைவ், மெமரி கார்ட், லேசர் வெளிச்சத்தால் வாசிக்கும் அடையாளமாக வைத்திருந்தால் சிடி, டிவிடி. வகை இவ்வளவுதான்.

ஹார்ட் டிஸ்க்

போன வருடம் உப்புவெளியில் இருந்து ஒரு மாமி வந்தார். துணிப்பைக்குள், பொலித்தீனில் சுற்றி, அதற்கு மேல் ஒரு கைலேஞ்சியால் கட்டி, ஒரு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க். “தம்பி, இதுக்குள்ளதான் மகளின்ட கலியாண வீடியோ முழுக்கக் கிடக்கு. நான் ஒண்டும் செய்யேல்ல, மேசையில இருந்து ஒருக்கா விழுந்தது, அவ்வளவுதான்” என்றார். வயரைச் செருகினேன். தட்டு சுழலத் தொடங்கும் சத்தம் கேட்டது, பிறகு டிக், டிக், டிக் என்று ஒரே சீராக. உடனே கழற்றிவிட்டேன். அந்த டிக் சத்தம் வந்தால் நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும், இன்னொரு தடவை செருகிப் பார்ப்போம் என்ற ஆசையே கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். உள்ளே கண்ணாடி போல மினுங்கும் தட்டுகள், லப்டொப் டிஸ்க் என்றால் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 தடவை, அதாவது ஒரு செக்கனுக்கு 90 தடவை சுழலும். அதற்கு மேலே ஊசிமுனை அளவில் ஒரு தலை, தட்டைத் தொடாமல், சில நானோமீற்றர் உயரத்தில் காற்றில் மிதந்தபடி காந்தப் புள்ளிகளை வாசிக்கும். ஒரு தலைமயிரின் தடிப்பு அந்த இடைவெளியைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரியது. விழுந்த அதிர்ச்சியில் தலை பழுதானால், அது தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப ஓரத்துக்குப் போய்வருகிற சத்தம்தான் அந்த டிக். ஒவ்வொரு தடவை செருகும்போதும் பழுதான தலை தட்டைச் சுரண்டலாம். சுரண்டிய இடத்தில் இருந்ததை யாராலும் எடுக்க முடியாது. வீட்டில் மூடியைத் திறந்து பார்ப்பதும், குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பதும் அதே அழிவைத்தான் கொண்டுவரும்.

இவ்வளவு மென்மையான சாமானை ஏன் இன்னும் வாங்குகிறோம் என்றால், பெரிய அளவில் சேர்த்து வைப்பதற்கு ஒரு ஜிபிக்கான விலை இதில்தான் குறைவு, அத்துடன் இது சாகும்போது பெரும்பாலும் அறிகுறி காட்டிவிட்டுத்தான் சாகும். மெதுவாகும், சில ஃபைல் திறக்க மறுக்கும், சத்தம் மாறும். அழித்த ஃபைலைக்கூட, அதற்கு மேல் வேறு எதையும் எழுதாமல் உடனே கொண்டுவந்தால், பல நேரம் மீட்டுவிடலாம். எஸ்எஸ்டியில் இந்த வாய்ப்புகள் குறைவு, அதைக் கீழே சொல்கிறேன்.

1956 இல் ஐபிஎம் விட்ட முதல் ஹார்ட் டிஸ்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன, கிட்டத்தட்ட ஒரு தொன் பாரம், அதற்குள் பிடித்தது சுமார் 50 இலட்சம் எழுத்துகள். இன்று போனில் எடுக்கும் ஒரு நல்ல படத்துக்கே அது மட்டுமட்டு. அந்தச் சுழலும் தட்டும் அசையும் தலையும்தான் இன்றைக்கும், சுருங்கி உங்கள் உள்ளங்கைக்குள் வந்திருக்கிறது. அதனால் இதன் எதிரிகளும் மாறவில்லை: விழுதல், அதிர்ச்சி, திடீரென்று போகும் கரண்ட்.

திடீரென்று கரண்ட் போனால் தலை பத்திரமாக ஒதுங்குவதற்கு டிஸ்குக்குள்ளேயே ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அந்த நேரம் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நிற்கும், கோப்பு அட்டவணை குழம்பும், ஒரு நாளில் நாலைந்து தடவை இப்படி நடந்தால் ஒரு நாள் விண்டோஸ் “ஃபொர்மட் பண்ணவா” என்று கேட்கும். ஓம் என்று அழுத்திவிடாதீர்கள், அந்தக் கேள்வி வந்தால் கழற்றிவைத்துவிட்டு யாரிடமாவது காட்டுங்கள். மேசைக் கொம்பியூட்டர் வைத்திருப்பவர்கள் கரண்ட் போனாலும் பட்டரியில் கொஞ்ச நேரம் ஓடவைக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்கள். பத்து நிமிடம் தாங்கினால் போதும், சேவ் பண்ணி நிறுத்துவதற்கு அது தாராளம்.

உப்புக்காற்று தட்டுக்குள் போய்த்தான் கெடுக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். சாதாரண டிஸ்கில் மூச்சுவிட ஒரு சின்னத் துளை இருக்கும், அதற்கு உள்ளே வடிகட்டியும் இருக்கும். நான் பார்த்த அளவில் உப்பு முதலில் பிடிப்பது வெளியே இருக்கும் பச்சை மின்சுற்றுப் பலகையை. மட்டிக்களிப் பக்கம் கடலோடு ஒட்டிய ஒரு வீட்டில் இருந்து வந்த டிஸ்க் ஒன்றின் பலகையைக் கழற்றித் திருப்பினேன். தலைக்குப் போகும் இணைப்புப் புள்ளிகள் பளபளவென்று இருக்க வேண்டிய இடத்தில் கறுத்து, ஓரங்களில் மங்கிய பச்சை படிந்திருந்தது. பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோப்புரப்பைல் அல்ககோலால் துடைத்துப் பூட்டினேன், டிஸ்க் எழும்பியது. எல்லா டிஸ்கும் இப்படி எழும்பும் என்று நம்பி வீட்டில் கழற்றாதீர்கள், நான் சொல்வது எங்கே பழுது தொடங்குகிறது என்று காட்டத்தான்.

வாங்கும்போது ஒரு விசயம். 1 டிபி என்று போட்டிருக்கும், செருகினால் 931 ஜிபி காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. செய்பவர்கள் ஒரு டிபியை ஒரு இலட்சம் கோடி பைட் என்று ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 1024 ஆக எண்ணுகிறது. 500 ஜிபி என்றால் 465 காட்டும்.

எஸ்எஸ்டி

உங்கள் லப்டொப் எழும்ப மூன்று நான்கு நிமிடம் எடுத்தால், புது லப்டொப்புக்குக் காசு சேர்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மனேஜரைத் திறந்து பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்பதை அழுத்தினால் ஹார்ட் டிஸ்கா எஸ்எஸ்டியா என்று எழுதியிருக்கும். ஹார்ட் டிஸ்க் என்று இருந்து, ஒன்றுமே செய்யாத நேரமும் அது நூறு வீதத்தில் நின்றால், நோய் அங்கேதான். டிஸ்கை மட்டும் மாற்றினால் அதே லப்டொப் புதிது போல ஓடும். கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகளுக்கு நான் அதிகமாகச் செய்து கொடுப்பது இந்த வேலைதான், அவர்களுடைய காசில் இதைவிடப் பிரயோசனமான செலவு எனக்குத் தெரியாது.

எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லை. சிப்புக்குள் கோடிக்கணக்கான சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் மின்னூட்டம் அடைபட்டிருக்கும், அதன் அளவுதான் தகவல். இந்த ஃபிளாஷ் நினைவகத்தை 1980களில் உருவாக்கியவர் தோஷிபாவில் வேலை செய்த ஃபுஜியோ மசுவோகா. வேகம் எங்கே இருந்து வருகிறது என்றால், ஹார்ட் டிஸ்க் ஒரு ஃபைலைத் தேடி தலையை நகர்த்தி, தட்டு சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும், அதனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சின்ன ஃபைல்களை ஒரு செக்கனுக்கு நூறு தடவை அளவில்தான் தொடமுடியும். எஸ்எஸ்டி அதைப் பல்லாயிரம் தடவை செய்யும். விண்டோஸ் எழும்புவது என்பது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை வாசிப்பதுதான், வித்தியாசம் உடனே தெரிவது அதனால்.

பெரிய ஃபைலில் எப்படி என்று ஒரு கணக்கு. ஒரு கலியாண வீட்டு வீடியோ 64 ஜிபி என்று வைப்போம். செக்கனுக்கு 10 எம்பி எழுதும் மலிவான பென் டிரைவில் கொப்பி பண்ண ஒன்றேமுக்கால் மணித்தியாலம். 100 எம்பி எழுதும் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்கில் 11 நிமிடத்துக்குள். 400 எம்பி எழுதும் வெளி எஸ்எஸ்டியில் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. உள்ளே பூட்டும், என்விஎம்இ என்ற வேகம் கூடிய வகை எஸ்எஸ்டி ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு என்றால் அரை நிமிடம் அளவில். ஒன்று கவனியுங்கள், பழைய யூஎஸ்பி 2 துளையில் செருகினால் எந்த நல்ல டிஸ்கும் செக்கனுக்கு 30, 35 எம்பிக்கு மேல் போகாது. நீல நிறத் துளை பெரும்பாலும் யூஎஸ்பி 3, அதில் செருகுங்கள்.

வாங்கும்போது மூன்று விதம் இருக்கிறது, மாறி வாங்கிக்கொண்டு வந்து திருப்பிக் கொடுக்க அலைபவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். பழைய லப்டொப்பில் ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் அப்படியே பூட்டுவது இரண்டரை அங்குல சாட்டா வகை, உச்ச வேகம் செக்கனுக்கு 550 எம்பி அளவு. மற்றையது சுவிங்கம் துண்டு மாதிரி மெல்லிய எம்.2 வடிவம். அதில் 2280 என்று போட்டிருந்தால் 22 மில்லிமீற்றர் அகலம், 80 மில்லிமீற்றர் நீளம். இந்த எம்.2 வடிவத்திலேயே சாட்டாவும் உண்டு என்விஎம்இயும் உண்டு, பார்க்க ஒரே மாதிரி, வெட்டு மட்டும் வேறு, என்விஎம்இ மட்டும் ஏற்கும் துளையில் சாட்டா வேலை செய்யாது. லப்டொப்பின் மொடல் நம்பரை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். என்விஎம்இ 3500, புதியதில் 7000 எம்பி என்றெல்லாம் பெட்டியில் போட்டிருக்கும். கடிதம் எழுத, படம் பார்க்க, பாடம் படிக்க அதில் பாதிகூடத் தேவையில்லை. ஹார்ட் டிஸ்கில் இருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு வரும்போது தெரியும் மாற்றம், அதில் இருந்து என்விஎம்இக்குப் போகும்போது சாதாரண வேலையில் தெரியாது.

இப்போது இது எப்படிச் சாகும் என்று பார்ப்போம். எழுதி எழுதித் தேயும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள், அது வீட்டுப் பாவனைக்குப் பெரிய பயம் இல்லை. ஒரு அறையில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகையில் 1 டிபி எஸ்எஸ்டிக்கு 600 டிபி எழுதும்வரை உத்தரவாதம் கொடுப்பது வழமை. ஒரு நாளைக்கு 40 ஜிபி எழுதினாலும் அது முடிய 40 வருடம். நாலு பிட் வைக்கும் கியூஎல்சி வகை மலிவு, ஆனால் தாங்கும் எழுத்து அளவு குறைவு, பெரிய கொப்பி ஒன்று போடும்போது நடுவில் வேகம் படுத்துவிடும்.

உண்மையான பயம் இரண்டு. ஒன்று, இது சொல்லாமல் சாகும். நேற்று இரவு நன்றாக ஓடியது, காலையில் கொம்பியூட்டருக்கு அப்படி ஒரு டிஸ்க் இருப்பதே தெரியாது. உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் போய்விட்டால், தகவல் அறைகளில் இருந்தாலும் எடுப்பது மிகக் கடினம். அத்துடன் டிரிம் என்ற ஏற்பாடு, நீங்கள் அழித்த ஃபைலின் இடத்தைக் கொஞ்ச நேரத்தில் உள்ளேயே துடைத்துவிடும். ஹார்ட் டிஸ்கில் தவறுதலாக அழித்ததை மீட்டுத் தருவது போல இதில் பெரும்பாலும் முடியாது. மற்றது, மின்சாரம் இல்லாமல் நீண்ட காலம் கிடந்தால் அடைபட்ட மின்னூட்டம் மெல்லக் கசியும். தேய்ந்து முடியும் நிலைக்கு வந்த சாதாரண எஸ்எஸ்டி ஒன்று 30 பாகை வெப்பத்தில் ஒரு வருடம் தகவலைத் தாங்க வேண்டும் என்பதுதான் தொழில்துறையின் அளவுகோல். புதியது அதைவிட நெடுங்காலம் தாங்கும், ஆனால் சூடு கூடக் கூடக் காலம் குறையும். எங்கள் ஊரில் ஆடி மாத மத்தியானத்தில் மூடிய அலுமாரிக்குள் எவ்வளவு சூடு என்று உங்களுக்கே தெரியும். ஆகவே எஸ்எஸ்டியில் வேலை செய்யுங்கள், பத்து வருடம் பூட்டிவைக்கும் பெட்டகமாக அதை வைக்காதீர்கள்.

மாற்றும்போது செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பழைய டிஸ்கில் இருப்பதை வேறொரு இடத்துக்குக் கொப்பி எடுங்கள். விண்டோஸ் 11 என்றால் டிஸ்கில் இருப்பது மறைகுறியாக்கி வைக்கப்பட்டிருக்கலாம், அதைத் திறக்கும் ரிகவரி கீ உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து எழுதிவையுங்கள், இதைச் செய்யாமல் கழற்றிவிட்டு அழுதவர்கள் இருக்கிறார்கள். பழையதை அப்படியே குளோன் பண்ணலாம், எனக்குப் பிடித்தது விண்டோஸைப் புதிதாகப் போட்டு ஃபைல்களை மட்டும் கொண்டுவருவது, பழைய குப்பை கூட வராது. கழற்றிய ஹார்ட் டிஸ்கை ஒரு யூஎஸ்பி கேசிங்கில் போட்டால் இரண்டாவது கொப்பி வைக்க உதவும், ஆனால் அதன் வயதை நினைவில் வையுங்கள், ஒரே கொப்பியை அதில் வைக்கக் கூடாது.

பென் டிரைவும் சிப்பும் (மெமரி கார்ட்)

பென் டிரைவ் கொண்டுபோக, வைத்திருக்க அல்ல. உள்ளே இருப்பது அதே ஃபிளாஷ்தான், ஆனால் பெரும்பாலும் தரம் குறைந்த சிப், எளிமையான கட்டுப்பாடு. போட்டோக்கொப்பிக் கடைக்குப் போய்வந்தால் வைரஸும் கூட வரும். கடற்கரைப் பக்கம் பைக்குள் கிடந்த பென் டிரைவின் வாயை ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நாலு மஞ்சள் நிறக் கம்பிகளில் ஒன்று கறுத்திருக்கும், அது போதும் செருகும்போது விட்டுவிட்டுப் பிடிப்பதற்கு. உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி தன் செயற்றிட்டத்தை முழுக்க ஒரே பென் டிரைவில் வைத்திருந்து, சமர்ப்பிக்கும் கிழமையில் அது திறக்காமல் கடையில் நின்று கண்கலங்கியதை நான் மறக்கவில்லை. அவளுக்காகத்தான் இந்தப் பந்தி.

2 டிபி பென் டிரைவ் மிக மலிவாக விற்கிறார்கள் என்றால் வாங்காதீர்கள். உள்ளே 16 அல்லது 32 ஜிபி சிப் இருக்கும், கட்டுப்பாட்டுச் சிப்பை 2 டிபி என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். கொப்பி பண்ணும்போது எல்லாம் சரியாகப் போவது போலத் தெரியும், ஃபைல் பெயரும் இருக்கும், திறந்தால் உள்ளே ஒன்றும் இராது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழு இடத்தையும் எழுதி, திரும்ப வாசித்து, உண்மையான அளவைச் சொல்லிவிடும். எந்தப் புதுப் பென் டிரைவையும் சிப்பையும் வாங்கிய அன்றே இதில் போட்டுப் பாருங்கள், கடையில் மாற்ற நேரம் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு வீடியோவைப் போட முடியவில்லை, இடம் இருந்தும் இடம் இல்லை என்கிறது என்றால், அது ஃபாட் 32 முறையில் ஃபொர்மட் பண்ணியிருக்கும். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு எக்ஸ்ஃபாட் என்று ஃபொர்மட் பண்ணுங்கள், விண்டோஸ், மக், டிவி பலவற்றிலும் ஓடும்.

கமராச் சிப்பில் எடுத்த படங்கள் இரண்டு இடத்துக்குப் போய், அங்கே திறந்து பார்க்கும்வரை சிப்பை ஃபொர்மட் பண்ணக் கூடாது. கடைக் கமரா, சிசிடிவி என்று இரவு பகல் எழுதும் வேலைக்கு அதற்கென்று செய்த டிஸ்கும் ஹை என்டியூரன்ஸ் சிப்பும் தனியாக உண்டு, சாதாரணமானது சீக்கிரம் தேயும். சிப் கடல் தண்ணீரில் விழுந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டு, அதன் பிறகே செருகுங்கள். ஹார்ட் டிஸ்க் கடல் தண்ணீரில் நனைந்தால் இதைச் செய்யாதீர்கள், காயவிடாமல், கரண்டும் கொடுக்காமல், ஈரத்தோடு பொலித்தீனில் கட்டி மீட்பு வேலை செய்கிறவரிடம் அனுப்புங்கள், காய்ந்தால் உப்பு தட்டில் ஒட்டிவிடும்.

அலுமாரியில் இருக்கும் சிடி, டிவிடி

இதை இந்தக் கிழமையே செய்யுங்கள். 2000களில் நடந்த கலியாண வீடுகள், சாமத்திய வீடுகள், பத்திரகாளி அம்மன் திருவிழா எல்லாம் டிவிடியில்தான் இருக்கின்றன. சிடியில் 700 எம்பி, டிவிடியில் 4.7 ஜிபி. வீட்டில் எழுதும் தட்டில் தகவல் இருப்பது ஒரு சாயப் படையில், வெயிலும் ஈரமும் அந்தச் சாயத்தை மங்கவைக்கும். அதுவும் சிடியில் அந்தப் படை பெயர் எழுதும் பக்கத்துக்கு நேர் கீழே இருப்பதால், மேல் பக்கக் கீறல்தான் ஆபத்து, போல்பொயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே கெட்டுவிடும். துடைக்கும்போது நடுவில் இருந்து வெளியே நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். புது லப்டொப்புகளில் டிவிடித் துளை இல்லை, யூஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி ரைட்டர் ஒன்றை இரண்டு மூன்று வீடு சேர்ந்து வாங்கினால் போதும். தட்டுக்குள் விடியோ_டிஎஸ் என்ற போல்டர் இருக்கும், அதை முழுதாகக் கொப்பி எடுங்கள். ஒரு ரைட்டரில் வாசிக்காத தட்டு இன்னொன்றில் வாசிக்கும், உடனே எறிந்துவிடாதீர்கள்.

ஃபுளொப்பி இருந்தால் 1.44 எம்பிதான், வாசிக்கும் கருவி கிடைத்தால் எடுங்கள். காந்த நாடாவை வங்கிகளும் பெரிய தரவு நிலையங்களும் இன்னும் பாவிக்கின்றன, ஒரு எல்டிஓ 9 நாடாவில் 18 டிபி பிடிக்கும், வீட்டுக்கு அதன் கருவி கட்டாது.

எத்தனை கொப்பி, எங்கே

மூன்று கொப்பி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. இந்த மூன்றாவது பங்கைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 2004 மார்கழி 26 காலைச் சுனாமியில் எங்கள் கரையோர வீடுகளில் இருந்த அல்பங்கள் எல்லாம் ஒன்றாகப் போயின. அம்மாவின் ஒரே ஒரு கலியாணப் படமும் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். 2020 மார்கழியில் புரேவி புயல் கரையேறியதும் எங்களுக்கு வடக்கே கிட்டத்தான். லப்டொப்பும் அதன் கொப்பி இருக்கும் டிஸ்கும் ஒரே பையில் இருந்தால் அது ஒரு கொப்பி என்றுதான் கணக்கு.

வெளியே என்றால் கிளவுட் ஒரு வழி. அதுவும் வேறொருவருடைய கட்டடத்தில் இருக்கும் டிஸ்க்தான், ஆனால் அவர்கள் பல கொப்பி வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். கூகுள் இலவசமாகத் தருவது மெயில், படம், ஃபைல் எல்லாம் சேர்த்து 15 ஜிபி. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைச் சான்றிதழ், தெரிந்தெடுத்த படங்கள் இதற்குள் அடங்கும். 64 ஜிபி வீடியோவை 5 மெகாபிட் வேகத்தில் ஏற்ற 28 மணித்தியாலம் வேண்டும், அதற்கு இது சரிவராது. இரண்டு வருடம் தொடாத கணக்கை அவர்கள் அழிக்கலாம், ஆகவே இடைக்கிடை உள்ளே போய்வாருங்கள்.

பெரிய வீடியோவுக்கு இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, கண்டியிலோ கொழும்பிலோ இருக்கும் சகோதரத்திடம் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டில் இருந்து வந்துபோகிறவர்களிடம் கொடுப்பது இன்னும் நல்லது. உப்புவெளி மாமியின் டிஸ்க் எழும்பவே இல்லை. கொழும்புக்கு அனுப்பியும் தட்டு சுரண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். ஆனால் மாப்பிள்ளையின் அண்ணன் கலியாணம் முடிந்து கனடா போகும்போது தன் லப்டொப்பில் முழுதையும் கொப்பி எடுத்துக்கொண்டு போயிருந்தார், யாருக்கும் அது நினைவில் இல்லை. நான் “ஆராவது வெளிநாட்டுக்காரர் வந்தவையோ மாமி” என்று கேட்ட பிறகுதான் போன் எடுத்தார்கள்.

கொப்பி எடுக்கும் முறையைக் கடைசியாகச் சொல்கிறேன். கட் பண்ணி பேஸ்ட் பண்ணாதீர்கள், கொப்பி மட்டும். முடிந்ததும் இரண்டு போல்டரிலும் ரைட் கிளிக் செய்து ஃபைல் எண்ணிக்கையும் அளவும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு புதுக் கொப்பியில் இருந்தே நாலைந்து படம், ஒரு வீடியோவின் நடுப்பகுதி, கடைசிப் பகுதி திறந்து பாருங்கள். ஈஜெக்ட் கொடுத்து, டிஸ்க் சுழல்வது நிற்கும்வரை கையை எடுத்துக்கொண்டு, பிறகு கழற்றுங்கள். காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் பைகள் இரண்டு மூன்று போட்டு, டிஸ்கையும் அதன் வயரையும் சேர்த்து, தரையில் இருந்து உயரமான தட்டில் வையுங்கள். ஏசி அறையில் இருந்து வெளியே கொண்டுவந்தால் உடனே செருகாமல் அரை மணித்தியாலமாவது விடுங்கள், ஈரம் பூத்திருக்கும்.

வருடத்துக்கு இரண்டு தடவை, ஐப்பசியில் மழை தொடங்க முன்பும் மாசியில் விட்ட பிறகும், எல்லா டிஸ்கையும் ஒரு தடவை செருகுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கிய இடங்களின் கணக்கு, சி5 என்பது வாசிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள். நல்ல ஹார்ட் டிஸ்கில் இரண்டும் பூச்சியம். போன தடவையைவிட எண் கூடியிருந்தால் அன்றே வேறு டிஸ்குக்கு மாற்றத் தொடங்குங்கள். வாங்கிய மாதமும் கடைசியாகப் பார்த்த திகதியும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி டிஸ்கின் முதுகில் ஒட்டுங்கள், ஐந்து வருடம் தாண்டியதை மூன்றாவது கொப்பிக்கு மட்டும் வையுங்கள்.